சக்கரவர்த்தி முகம், கிறுக்கல் எழுத்து: இந்தத் தங்கக் காசு போலியா?

செல்லாக்காசு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் இதுவரை சோழர் செப்புக்காசைத் தாண்டிப் போனதில்லை, அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று இரவு ஒரு ஐரோப்பிய ஏலப் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தங்கக் காசில் கண் நின்றுவிட்டது. ஒரு பக்கம் ரோமச் சக்கரவர்த்தி மாதிரி ஒரு தலை, ஆனால் மூக்கு ஒரு கோடு, கண் ஒரு புள்ளி, முடி சீப்புப் பல் மாதிரி. சுற்றிலும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடு, வட்டம், கோடு, கோடு, மறுபடி வட்டம். மறுபக்கம் ஒருவர் நிற்கிறார், கையில் இருப்பது ஈட்டியா துடைப்பமா என்று சொல்ல முடியவில்லை. எடை 5.9 கிராம். தலைக்கு நேர் மேலே ஒரு ஓட்டை. "ஜெர்மானியக் குடிகள், கருங்கடலுக்கு வடக்கே, 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 4ஆம் நூற்றாண்டு, ரோம ஔரியஸின் நகல்" என்று போட்டிருக்கிறார்கள். ஔரியஸ் என்றால் ரோமர்களின் தங்கக் காசு.

நகல் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். அப்புறம் எப்படி நல்ல ஔரியஸுக்குக் கேட்கிற விலையை இதற்கும் கேட்கிறார்கள்?

பனையோலை எழுதியது:

கள்ளக்காசுக்கு வயதாகிவிட்டால் கலைப்பொருள். அவ்வளவுதான் விஷயம். அந்தக் காலத்து ஏமாற்று வேலையை இந்தக் காலத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறோம்.

வண்ணக்கன் எழுதியது:

பனையோலை, அவசரப்படாதீர்கள். கள்ளக்காசு அடிக்கிறவனுக்கு முதல் கவலை என்ன? வாங்குகிறவனுக்குச் சந்தேகம் வரக்கூடாது. எழுத்தைக் கோடும் வட்டமுமாகப் போட்டுவிட்டு எந்தக் கள்ளன் சந்தைக்குப் போவான்? ரோம எல்லைக்குள் அந்தக் காசை நீட்டியிருந்தால் எழுதப் படிக்கத் தெரியாத கீரைக்காரிகூடத் திருப்பிக் கொடுத்திருப்பாள்.

கொஞ்சம் பின்னணி சொல்கிறேன். கி.பி. 251இல் அப்ரிட்டஸ் என்ற இடத்தில், இன்றைய பல்கேரியாவின் ராஸ்கிராட் ஊருக்குப் பக்கத்தில், க்னிவா தலைமையில் வந்த கோத்துகள் என்ற ஜெர்மானியக் குடிகள் ரோமப் படையைச் சதுப்பு நிலத்துக்குள் இழுத்து அடித்தார்கள். சக்கரவர்த்தி டெசியஸும் அவர் மகனும் அங்கேயே செத்தார்கள். அயல் எதிரியோடு போரிட்டுக் களத்தில் மாண்ட முதல் ரோமச் சக்கரவர்த்தி அவர்தான். சக்கரவர்த்தி படையோடு போகிறார் என்றால் கஜானாவும் கூடவே போகும், சிப்பாய்க்குச் சம்பளம் கொடுக்க வேண்டுமே. அடுத்து வந்த ட்ரெபோனியானஸ் காலஸ், கொள்ளைப் பொருளோடு அவர்களைப் போகவிட்டதுமில்லாமல் ஆண்டுக்கு இவ்வளவு என்று பணம் தரவும் ஒத்துக்கொண்டார்.

இப்போது நிலத்துக்கு அடியில் கிடைப்பதைப் பாருங்கள். உக்ரைனிலும் போலந்திலும் டெசியஸ் காலத்து ஔரியஸ்கள் வழக்கத்துக்கு மாறான அளவில் கிடைக்கின்றன. நிறைய காசுகளில் சக்கரவர்த்தியின் தலைக்கு மேலே ஓட்டை. இவை அப்ரிட்டஸில் பிடிபட்ட கஜானாவிலிருந்து வந்தவை என்பது போலந்து நாணயவியலாளர் அலெக்சாண்டர் பூர்ஷேயின் வாதம். எனக்கு அது சரியாகத்தான் படுகிறது. கொள்ளையடித்த தங்கத்தை உருக்கவில்லை, செலவழிக்கவும் இல்லை, ஓட்டை போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். சக்கரவர்த்தியைக் கொன்ற கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்? அப்படி ஒன்று கழுத்தில் தொங்கினால் ஊரில் ஒரு கெத்துதானே.

கையிருப்பு தீர்ந்த பிறகு, அல்லது தீர்வதற்கு முன்பே, தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். நீங்கள் பார்த்தது அந்த வகை.

உரைகல் எழுதியது:

நான் நாணயம் படித்தவன் இல்லை, எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக ஆசாரி வேலை. அந்தக் கண்ணோடு இரண்டு விஷயம் சொல்கிறேன்.

நகல் எடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று வார்ப்பு: அசல் காசைக் களிமண்ணில் இரண்டு பக்கமும் அழுத்தி எடுத்து, காயவைத்து, உருக்கி ஊற்றுவது. அப்படிச் செய்தால் எழுத்து அசலைப் போலவே வரும், ஆனால் விளிம்பு மழுங்கியிருக்கும், குமிழி விட்ட குட்டிக் குட்டிப் பள்ளங்கள் தெரியும், ஓரத்தில் அரம் போட்ட தடம் இருக்கும். இன்னொன்று அடிப்பு: மேலச்சு கீழச்சு வெட்டி, நடுவில் பொன்வில்லையை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. செல்லாக்காசு சொல்கிற காசு இரண்டாவது வகைதான், ஏனென்றால் முகமே புதிதாக வெட்டப்பட்டிருக்கிறது.

அச்சு வெட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காசில் எழுத்து நேராக வர வேண்டுமென்றால் அச்சில் இடவலம் மாற்றி வெட்ட வேண்டும். படிக்கத் தெரிந்தவனுக்கு அது பழக்கத்தில் வந்துவிடும். படிக்கத் தெரியாதவன் கையில் இருக்கிற காசைப் பார்த்து அப்படியே அச்சில் வெட்டினால், அடித்து எடுக்கும்போது எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும். ரோமக் காசில் சக்கரவர்த்தி பெரும்பாலும் வலப்பக்கம் பார்ப்பார். நகலில் அவர் இடப்பக்கம் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். அந்த ஆசாரிக்கு எழுத்து என்பது எழுத்தே இல்லை, அது ஒரு கரை, புடவைக்குப் போடுகிற பார்டர் மாதிரி. கை சுத்தம் இருந்திருக்கிறது, மொழிதான் இல்லை. அவனை மட்டமாகப் பேச எனக்கு மனசு வரவில்லை.

செல்லாக்காசு, உங்கள் காசில் முகம் எந்தப் பக்கம்?

செல்லாக்காசு எழுதியது:

இடப்பக்கம்! உடம்பு சிலிர்த்துவிட்டது.

பனையோலை எழுதியது:

அழகான கதை. ஆனால் நான் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். அதே உக்ரைன் பகுதியில் உள்ளே செம்போ வெள்ளியோ வைத்து மேலே தங்கத் தகடு சுற்றிய ஔரியஸ் நகல்களும் கிடைத்திருக்கின்றன. அதற்கு என்ன பதில்? முலாம் பூசுகிறவன் ஏமாற்றத்தானே பூசுகிறான்?

வண்ணக்கன் எழுதியது:

நல்ல கேள்வி. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யாரை ஏமாற்ற என்று கேட்டுப் பாருங்கள். ரோம வணிகனை இல்லை. கழுத்தில் தங்கம் தொங்க வேண்டும், கையில் அவ்வளவு தங்கம் இல்லை, அவ்வளவுதான். கவரிங் நகை போடுகிறவர்களை எல்லாம் கள்ளநோட்டுக் கேஸில் போடுவீர்களா?

இதைவிடப் பெரிய ஆதாரம் ஒன்று இருக்கிறது. 260களில் கோத்துகள் கப்பலேறிக் கருங்கடலைத் தாண்டி ஆசியா மைனர் கரையை அடித்து நொறுக்கினார்கள். எபேசஸில் ஆர்ட்டெமிஸ் கோயில் எரிந்ததெல்லாம் அந்தக் காலம்தான். ட்ராய் இருந்த வட்டாரத்தில் அலெக்சாண்ட்ரியா ட்ரோவாஸ் என்று ஒரு துறைமுக நகரம் இருந்தது. அங்கே உள்ளூர் புழக்கத்துக்கு வெண்கலக் காசு அடிக்கிற அக்கசாலை ஒன்று. உக்ரைனில் கிடைத்த சில தங்கக் காசுகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தால், அந்த நகரத்தின் வெண்கலக் காசை அடித்த அதே அச்சு! நகல் அச்சு இல்லை, அசலேதான். கொள்ளையில் அச்சையும் தூக்கிக்கொண்டு போய், ஊருக்குப் போனதும் தங்கத்தில் அடித்திருக்கிறார்கள்.

இப்போது சொல்லுங்கள் பனையோலை. சில்லறைக் காசின் அச்சில் பொன்னைப் போட்டு அடிக்கிற கள்ளக்காசுக்காரனை உலகத்தில் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? பொன்னுக்குத் தாமிர முகம் போடுவதால் அவனுக்கு ஒரு காசு லாபம் உண்டா? அவர்களுக்கு அது செம்பா பொன்னா, எந்த ஊர் முத்திரை என்பதெல்லாம் பொருட்டே இல்லை. வட்டமாக இருக்க வேண்டும், முகம் இருக்க வேண்டும், சுற்றிலும் அந்த மாய எழுத்து ஓட வேண்டும்.

வைலே_வாசன் எழுதியது:

வணக்கம் அண்ணைமார். நான் டென்மார்க்கில், யூட்லாந்து பக்கம் இருக்கிறேன். இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன், இனிப் பேசாமல் இருக்க முடியாது.

எங்கள் ஊருக்குக் கிட்டவே விண்டலெவ் என்ற கிராமம். ஜெல்லிங் கல்வெட்டுகள் இருக்கிற இடத்துக்குப் பக்கம்தான். 2020 டிசம்பரில் ஒருவர் உலோகம் தேடும் கருவியோடு வயலுக்குப் போய் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவான தங்கப் புதையலைக் கண்டுபிடித்தார். அவர் அந்தக் கருவியை வாங்கிப் பழகத் தொடங்கியிருந்த காலம் அது, அதிர்ஷ்டம் என்றால் இதுதான். 6ஆம் நூற்றாண்டில் புதைத்தது. கான்ஸ்டன்டைன் காலத்துத் தங்கக் காசு கூட வளையம் பூட்டிப் பதக்கமாக்கப்பட்டு அதில் கிடந்தது. ஆனால் முக்கியமானவை பிராக்டியேட்டுகள்.

பிராக்டியேட் என்றால் மெல்லிய தங்கத் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் அச்சுப் பதித்த பதக்கம். ஸ்கண்டிநேவியாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 5, 6ஆம் நூற்றாண்டுகளில் செய்தார்கள், இதுவரை ஆயிரத்துக்கு மேல் கிடைத்திருக்கிறது. தொடக்கம் ரோமப் பதக்கத்தின் நகல்தான்: ஒரு தலை, தலையில் முத்து மாலை, சுற்றி எழுத்து மாதிரி ஒன்று. பிறகு தலைக்குக் கீழே ஒரு குதிரை வந்து நிற்கிறது. சக்கரவர்த்தியின் தலைமாலை மெல்ல மெல்லப் பறவை மூக்காக மாறுகிறது. கடைசியில் மனிதனே காணாமல் போய், பின்னிப் பிணைந்த மிருகம் மட்டும் மிச்சம். வரிசையாக அடுக்கிப் பார்த்தால் சக்கரவர்த்தி நம் கண் முன்னாலேயே கரைகிற மாதிரி இருக்கும்.

எழுத்தும் அப்படியே. முதலில் வண்ணக்கன் அண்ணை சொன்ன மாய எழுத்து. பிறகு அந்த இடத்தில் தங்கள் சொந்த எழுத்தான ரூன் எழுத்தைப் போட்டார்கள். விண்டலெவ் பிராக்டியேட் ஒன்றில் "அவன் ஓடினின் ஆள்" என்று வருவதாக 2023இல் வாசித்துச் சொன்னார்கள். 5ஆம் நூற்றாண்டுப் பொருள் அது. ஓடின் என்ற கடவுளின் பெயர் வருகிற பழைய எழுத்துகளில் அதுதான் மூத்தது, அதுவரை தெரிந்ததைவிட 150 ஆண்டு முந்தியது. சீசரின் பெயர் இருந்த வட்டத்தில் ஓடினின் பெயர்! கண்ணாடிக்குப் பின்னால் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது என் மகள் "அப்பா, இது காசா கடவுளா?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்று. இங்கிலாந்தில், சஃபோக் பகுதியின் அண்ட்லி என்ற இடத்தில் 1982இல் ஒரு பிராக்டியேட் கிடைத்தது. கான்ஸ்டன்டைன் காலத்தில் 330 முதல் அடித்த "ரோம் நகர்" செப்புக் காசு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட ரோமாபுரித் தேவதை, மறுபக்கம் ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கிறது. பிராக்டியேட்டுக்கு ஒரு முகம்தானே, அதனால் ஆசாரி இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கித் தலைக்குக் கீழேயே ஓநாயைப் போட்டுவிட்டான். இதிலும் செப்புக் காசைப் பார்த்துப் பொன்னில் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

உரைகல் எழுதியது:

இரண்டு பக்கத்தை ஒரு பக்கத்தில் மடக்கியவனுக்கு ஒரு கும்பிடு. என் அப்பா இருந்திருந்தால் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்.

செல்லாக்காசு எழுதியது:

ஐயா, நான் ஒரு ஔரியஸ் பற்றிக் கேட்கப் போய் எங்கேயோ வந்துவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் ஒன்று இடிக்கிறது. எல்லாமே நகை என்றால், ஜெர்மானியர்கள் காசைக் காசாகப் பயன்படுத்தவே இல்லையா? பிற்காலத்தில் பிராங்குகள், கோத்துகள் எல்லாம் ராஜ்யம் நடத்தினார்களே, அவர்கள் என்ன அடித்தார்கள்?

இன்னொன்றும் தோன்றியது. எங்கள் பாட்டியின் காசுமாலை வீட்டில் இருக்கிறது. அதுவும் இதே கதைதானோ?

வண்ணக்கன் எழுதியது:

காசுமாலை ஒப்புமை சரியான ஒப்புமை. ஒன்று கவனித்திருக்கிறீர்களா, நாம் இன்றும் தங்கத்தைப் பவுன் கணக்கில் பேசுகிறோம். அது பிரிட்டிஷ் பவுன் காசின் எடை, ஏறக்குறைய 8 கிராம். அகஸ்டஸ் காலத்து ஔரியஸ் ஒரு ரோம ராத்தலில் 40இல் ஒரு பங்கு, அதுவும் 8 கிராமுக்குச் சற்றுக் குறைவு. காசு போய்விட்டது, ராஜாவும் போய்விட்டார், எடை மட்டும் நம் வாயில் நிற்கிறது.

இப்போது உங்கள் முதல் கேள்வி. இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதுவரை நாம் பேசியது எல்லைக்கு வெளியே இருந்தவர்கள் செய்தது. 5ஆம் நூற்றாண்டில் அவர்கள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்கள், அங்கேதான் விஷயம் தலைகீழாகிறது.

அதற்குள் தங்கக் காசும் மாறிவிட்டது. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சொலிடஸ், ராத்தலுக்கு 72, அதாவது சுமார் நாலரை கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ட்ரெமிசிஸ். இந்தத் தங்கம் எல்லை தாண்டி எவ்வளவு போனது என்பதற்கு ஹூணர்களுக்குக் கட்டிய கப்பம் ஒன்றே போதும்: ஆண்டுக்கு 350 ராத்தல், அப்புறம் 700, அட்டிலா காலத்தில் 2,100. கடைசித் தொகையைச் சொலிடஸாக மாற்றினால் 1,51,200 காசு, ஒவ்வொரு வருஷமும். ஹங்கேரியில் சிகான்ச் என்ற இடத்தில் 1963இல் ஒரே குவியலாக 1,439 சொலிடஸ் கிடைத்தது. இத்தனைக்கும் 4ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: அயலாருக்குத் தங்கம் கொடுக்காதே, அவர்களிடம் தங்கம் கண்டால் சாமர்த்தியமாகப் பேசி வாங்கிவிடு என்று. வணிகனுக்குத் தடை, அரசாங்கமே மூட்டை மூட்டையாக அனுப்பும். இந்தக் கூத்து எல்லாக் காலத்திலும் உண்டு போல.

418க்குப் பிறகு கோத்துகளில் ஒரு பிரிவான விசிகோத்துகள் இன்றைய பிரான்ஸின் துலூஸைச் சுற்றிக் குடியேறினார்கள். அங்கே சொலிடஸ் அடித்தார்கள், ஆனால் யார் பெயரில்? தங்கள் ராஜா பெயரில் இல்லை. ரோமச் சக்கரவர்த்தி மூன்றாம் வாலன்டினியன் பெயரில், இத்தாலியின் ரவென்னா அக்கசாலையின் குறியோடு. இன்னொரு ஜெர்மானியக் குடியான சுவேபியர்கள் ஸ்பெயினின் மேற்குக் கோடியில் சக்கரவர்த்தி ஹொனோரியஸ் பெயரில் அடித்தார்கள், அவர் 423இல் இறந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும். இத்தாலியில் லொம்பார்டுகள் என்ற குடிகள், 602இல் இறந்த சக்கரவர்த்தி மொரீஸின் பெயரை அதற்குப் பிறகும் விடவில்லை. செத்த சக்கரவர்த்திக்கு இவ்வளவு மரியாதை ஏன்? பொன்னில் முகம் போடுவது சக்கரவர்த்திக்கு மட்டுமே உரிய உரிமை என்று எல்லோரும் ஏற்றிருந்தார்கள், தெரிந்த முகம் இருந்தால்தான் காசும் நடக்கும்.

அதனால் இந்தக் காலத்து நகல்களில் எழுத்து நன்றாக இருக்கும், படிக்கலாம். முதல் கட்டத்து ஆசாரிக்கு எழுத்து தேவைப்படவில்லை, இவர்களுக்கு எழுத்துதான் உயிர். காசு உண்மையிலேயே கை மாற வேண்டும் அல்லவா.

ஒவ்வொரு ராஜாவும் எவ்வளவு தூரம் துணிந்தார் என்று பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. சுவேபிய ராஜா ரெகியார் 5ஆம் நூற்றாண்டின் நடுவில் தன் பெயரைப் போட்டார், ஆனால் வெள்ளியில். பர்கண்டியர்களின் ராஜா குண்டோபாத் பொன்னில் சக்கரவர்த்தி அனஸ்டேசியஸ் பெயரை முழுசாகப் போட்டுவிட்டு, மூலையில் தன் பெயரெழுத்துகளை ஒரு சின்ன முடிச்சாகச் செருகினார். இத்தாலியை ஆண்ட கோத் ராஜா தியோடெரிக்கும் காசில் அப்படித்தான், ஆனால் மூன்று சொலிடஸ் எடையில் ஒரு பதக்கம் அடித்துத் தன் முகத்தையே போட்டார், மீசையோடு! 1894இல் செனிகாலியா பக்கம் கிடைத்த அந்த ஒன்றுதான் உலகத்தில் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவை ஆண்ட வாண்டல்கள் பொன் பக்கமே போகவில்லை. கடைசியில் கோட்டைத் தாண்டியவர் பிராங்கு ராஜா தியூடெபெர்ட், 534 முதல் 547 வரை ஆண்டவர், சொலிடஸில் சக்கரவர்த்தி பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டார். அந்தக் காலத்து ரோம வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் அதை எழுதும்போது அவர் வயிற்றெரிச்சல் தெரிகிறது: பாரசீக ராஜாவே வெள்ளியில்தான் தன் இஷ்டத்துக்கு அடிக்கிறார், பொன்னில் தன் முகம் போடத் துணிவதில்லை, இவர்கள் போட்டுவிட்டார்களே என்று. விசிகோத்துகள் அதற்குப் பிறகும் காத்திருந்து, லியோவிகில்ட் காலத்தில், 570களின் பிற்பகுதியில்தான் அந்த வேலையைச் செய்தார்கள்.

பனையோலை எழுதியது:

சரி, முதல் கட்டத்துக்கு நான் தோற்றேன், நகைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் கட்டத்தை நீங்களே எனக்கு எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். அடுத்தவர் பெயரில், அடுத்தவர் அக்கசாலைக் குறியோடு காசு அடித்துப் புழக்கத்தில் விடுவது கள்ளக்காசு இல்லையென்றால் எதுதான் கள்ளக்காசு? பொன்னின் மாற்றாவது, அதாவது சுத்தமாவது, சரியாக இருந்ததா?

வண்ணக்கன் எழுதியது:

இங்கே உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 458இல் சக்கரவர்த்தி மஜோரியன் போட்ட சட்டத்தில், நிறை சரியாக உள்ள சொலிடஸை எந்த வரி வசூலிப்பவரும் மறுக்கக்கூடாது, காலியா நாட்டுச் (இன்றைய பிரான்ஸ் பக்கம்) சொலிடஸ் மட்டும் விலக்கு, அதன் பொன் மதிப்புக் குறைவு என்று வருகிறது. அந்தக் காலியக் காசு விசிகோத்துகள் அடித்தது என்று பலர் கருதுகிறார்கள். பர்கண்டியச் சட்டத்திலும் செல்லாத காசுப் பட்டியல் ஒன்று உண்டு, அதில் கோத் ராஜா அலாரிக்கின் காசும் இருக்கிறது. அந்தக் காலத்து ஆயர் வியென் ஊர் அவிட்டஸ்கூட ஒரு கடிதத்தில் கோத் ராஜா மாற்றைக் குறைத்துவிட்டதைக் குத்திக் காட்டுகிறார்.

ஆனாலும் சட்டத்தை இன்னொரு முறை படியுங்கள். மதிப்புக் குறைவு என்றுதான் சொல்கிறது. இதை அடித்தவன் கையை வெட்டு என்று அந்த வரியில் இல்லை. ரோமச் சட்டத்தில் உண்மையான கள்ளக்காசுக்காரனுக்குத் தலையே போகும். இதை அவர்கள் மட்டமான காசு என்று பார்த்திருக்கிறார்கள், குற்றம் என்று பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. குடியமர்த்தப்பட்ட கூட்டாளி, சக்கரவர்த்தி பெயரால்தான் ஆள்கிறான், சக்கரவர்த்தி பெயரில் அடிக்கிறான். மாற்றில் கை வைத்தான் என்பது வேறு வழக்கு.

பனையோலை எழுதியது:

அரை வெற்றி என்று எடுத்துக்கொள்கிறேன்.

திருமயத்தான் எழுதியது:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் 1898இல் கிடைத்த 501 ரோமப் பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தி தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறார்கள். கோத் கழுத்தில் மாட்டினான், நம் ஆள் கழுத்தை வெட்டினான். ஒரே காசுக்கு இரண்டு கதி!

வண்ணக்கன் எழுதியது:

அந்த வெட்டு கோபத்தில் போட்டது இல்லை என்பது என் எண்ணம். இது இனிமேல் வெறும் பொன், நிறுத்து விற்கலாம், காசாகச் செல்லாது என்று அடையாளம் வைத்தது போல இருக்கிறது. உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க வெட்டினார்கள் என்றும் சிலர் சொல்வார்கள், ஆனால் அதற்குத் தலையைத் தேடி வெட்ட வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலும் ஔரியஸ் நகல்கள் செய்தார்கள், ஓட்டை போட்டு அணிந்தும் இருக்கிறார்கள். அதைத் தனி இழையாகத் தொடங்குங்கள், நான் வருகிறேன்.

வைலே_வாசன் எழுதியது:

அருங்காட்சியகத்தில் இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சோகக் கதை. பிராங்கு ராஜா க்ளோவிஸின் தந்தை சில்டெரிக்கின் கல்லறை 1653இல் இன்றைய பெல்ஜியத்தின் டூர்னேயில் கிடைத்தது, நூறு தங்கக் காசு அளவுக்கு இருந்தது. 1831இல் பாரிஸ் நூலகத்தில் திருடன் புகுந்து பெரும்பகுதியை உருக்கிவிட்டான். சுவீடனின் வாட்ஸ்டெனா பிராக்டியேட், ரூன் எழுத்து வரிசை முழுக்கப் பதித்தது, 1938இல் ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகத்திலிருந்து போனது போனதுதான்.

உரைகல் எழுதியது:

செல்லாக்காசு, வாங்கப் போகிறீர்களா? என்னைக் கேட்டால் வேண்டாம். இந்த வகையில் இன்றைய போலியும் ஏராளம், ஏனென்றால் அசலே கோணல்மாணலாக இருப்பதால் போலி செய்கிறவனுக்குச் சுலபம், எழுத்துப் பிழை என்று யாரும் பிடிக்க முடியாது. தண்ணீரில் நிறுத்துப் பார்த்தால் உள்ளே செம்பா என்று தெரிந்துவிடும், 5.9 கிராம் சுத்தப் பொன் என்றால் 0.3 மில்லிக்குச் சற்று மேல்தான் தண்ணீரை விலக்கும். ஆனால் புதுப் பொன்னில் புதிதாக அடித்தால் அந்தச் சோதனையும் ஒன்றும் சொல்லாது.

வண்ணக்கன் எழுதியது:

நானும் அதே பக்கம். உக்ரைனில் கருவியோடு போய்த் திருட்டுத்தனமாகத் தோண்டி எடுத்தவை நிறைய இப்படித்தான் சந்தைக்கு வருகின்றன. எந்த வயல், பக்கத்தில் என்ன கிடந்தது, கல்லறையா வீடா என்ற எதுவும் மிஞ்சாது. எழுத்தே இல்லாத காசுக்கு இடம்தான் எழுத்து. அதையும் தொலைத்துவிட்டால் நம்மிடம் இருப்பது 5.9 கிராம்.

செல்லாக்காசு எழுதியது:

வாங்கவில்லை. அந்தத் தொகைக்கு என் சம்பளமும் பத்தாது, அது வேறு விஷயம்.

ஆனால் நேற்று ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் காசுமாலையை எடுத்து உருப்பெருக்கியோடு உட்கார்ந்தேன். மொத்தம் 32 காசு. எல்லாமே ஐந்தாம் ஜார்ஜ் பவுன் என்றுதான் வீட்டில் நம்பிக்கை. அவற்றில் 9 காசு வேறு மாதிரி இருக்கிறது. ஜார்ஜ் இடப்பக்கம் பார்க்க வேண்டும், இவற்றில் வலப்பக்கம் பார்க்கிறார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோடு, வட்டம், கோடு. பின்பக்கம் குதிரைக்குக் கீழே டிராகன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பல்லி, நம் வீட்டுச் சுவரில் இருக்குமே அதே பல்லி. வளையத்தை எங்கேயோ பற்றவைத்ததில் இரண்டு ஜார்ஜ் தலைகீழாகத் தொங்குகிறார். நாற்பது வருஷமாகக் கல்யாணத்துக்குக் கல்யாணம் இதைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை.

அம்மாவைக் கூப்பிட்டு ஔரியஸ், கோத்து, பல்லி எல்லாவற்றையும் காட்டி அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாற்று குறைவா?" என்று மட்டும் கேட்டார்.

உரைகல் எழுதியது:

அந்த ஒன்பதையும் கொண்டுவாருங்கள், உரசிப் பார்த்துவிடலாம். பல்லியை நான் பார்க்க வேண்டும்.